நடுக்கூரையில் ஒரு சாண்

"அது நான் போட்ட கோடு இல்ல..."

"அப்ப காரே தன்னைத்தானே சொறிஞ்சுக்கிச்சா?"

"பின் கதவுல இருக்கே, அந்த ஒரு கோடு என்னுது. கேட்டுல உரசினேன். அன்னைக்கே வந்து உங்ககிட்ட சொன்..."

"ஒரு கோடாம்! ஒண்ணே ஒண்ணாம்! வெயில்ல நிறுத்திப் பாத்தா சிலந்தி குடும்பத்தோட குடியிருந்த மாதிரி இருக்கு, இவ என்னடான்னா ஒரு..."

"என்னை முடிக்க விடுவீங்களா?"

"நீ என்னைக்கு முடிச்சிருக்கே?"

காரின் கண்ணாடிகள் நான்கும் ஏற்றித்தான் இருந்தன. இருந்தும் கார் பாலிஷ் பட்டறைக்குள் நின்றிருந்த தங்கைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அவள் ஷட்டரை முழுக்க மேலே தள்ளிவிட்டு, 'வா, வா, போதும்' என்று கையால் காட்டினாள். கறுப்புக் கார் உள்ளே வந்து நின்றது. சண்டை நிற்கவில்லை.

"அண்ணா, இன்ஜினை அணை. அப்படியே வாயையும்."

"வந்து இறங்கறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா பாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் இறங்கினார். கண்ணாடிக்கடைக்காரர். இருபத்திரண்டு வருடமாக ஊரார் மூக்கின் மேல் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் துடைக்கும் நீலத் துணி ஒன்று முனை நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்கு வருகிறவர் யாராவது சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டால் போதும், பிடித்து நிறுத்தி அரை மணி நேரம் பாடம் எடுப்பார். குரல், மீசை, கோபம் எல்லாம் தாராளமாக அமைந்த மனிதர். உயரத்தில் மட்டும் யாரோ கையை இழுத்துப் பிடித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவர் மனைவி இறங்கினாள். இறங்கி நிமிர்ந்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரின் கூரைக்கு மேல் அவள் தோளும் தலையும் தெரிந்தன. அவருக்கு உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"வாங்க அண்ணி. வர்ற வழியெல்லாம் இதேதானா?"

"வழி மட்டுமா? மூணு நாளா இதேதான். தூக்கத்துல கூட 'கோடு, கோடு'ன்னு ஒரே முனகல்."

"முனகாம? நீயே சொல்லும்மா" என்று தங்கையின் பக்கம் திரும்பினார் அண்ணன். "ஆறு மாசமாத்தான் இவ ஓட்டறா. அதுக்கு முன்னாடி இந்தக் கார் எப்படி இருந்துச்சு? அதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

"சீவறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கமாட்டேன்" என்றாள் மனைவி. "விஷயத்தை நான் சொல்றேன். திங்கட்கிழமை எனக்கு வேலை ஆரம்பிக்குது. நீச்சல் குளத்துல. காலையில அஞ்சரைக்குப் பதினாலு பசங்க தண்ணி ஓரத்துல வந்து நிப்பாங்க, நான் கத்துக்குடுக்கணும். முதல் பஸ்ஸே ஆறே காலுக்குத்தான். அதான் தினமும் கார் சாவி வேணும்னு கேட்டேன். கேட்ட அன்னைக்கே இந்தக் கோடெல்லாம் இவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

"தரமாட்டேன்னு சொன்னேனா? கோடு போட்டது யாருன்னு தெரியட்டும், அப்புறம் பாக்கலாம்னேன்."

"கடை உங்களுக்குப் பத்து மணிக்கு. பத்து நிமிஷம் நடை. கார் சும்மாதானே நிக்குது?"

"நிக்கட்டுமே. நிக்கிற காருக்குக் கோடு விழாது."

"ஓட்டாத கார் எதுக்கு? ஷோகேஸ்ல வைங்க."

அண்ணன் கையை உயர்த்தினார். "சரி. தங்கச்சி சொல்லட்டும். அவ இதுலயே ஊறினவ. இதெல்லாம் நீ போட்ட கோடுன்னு அவ சொன்னா, சாவியை மறந்துடு. இல்லேன்னு சொன்னா..."

"இல்லேன்னா?"

"இப்பவே, இங்கயே, சாவி உன் கையில. போதுமா?"

தைரியமாகத்தான் சொன்னார். தங்கை, அவர் கையைப் பிடித்து ரோடு தாண்டினவள். விட்டுக் கொடுக்கமாட்டாள்.

ஆனால் தங்கை, பாலிஷ் பிசுக்கு ஒட்டிய கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு தலையாட்டினாள். "அந்தக் கதையே இங்க கிடையாது. கோடு இருந்தா எடுப்பேன். யார் போட்டதுன்னு சொல்லமாட்டேன்."

"ஏன், தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றதில்ல."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பட்டறை திறந்த புதிதில் ஒரு பல் டாக்டர் தன் மனைவியோடு காரைக் கொண்டு வந்தார். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், விரல் நுழைகிற குழியில், பொடிக் கோடுகளாக விழுந்திருந்தன. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற ஆசையில் தங்கை சொல்லிவிட்டாள்: "இது கல் வச்ச மோதிரம் கீறினது சார். ஓட்டறவர் பக்கத்துல இல்ல, அந்தப் பக்கக் கதவுல மட்டும்தான் இருக்கு." டாக்டர் விரலில் மோதிரம் இல்லை. மனைவியின் விரலிலும் இல்லை. பிறகு மனைவி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். கோடுகள் அரை மணி நேரத்தில் போயின. அந்த வீட்டில் பேச்சு திரும்ப மூன்று மாதம் ஆனதாகக் கேள்வி. அன்றிலிருந்து தங்கை கோட்டோடு பேசுவாள், கோடு போட்டவர்களைப் பற்றிப் பேசமாட்டாள்.

"சரி, நீ சொல்லவேண்டாம். பாரு. உன் மூஞ்சியைப் பாத்து நானே தெரிஞ்சுக்கறேன்" என்றார் அண்ணன்.

"தாராளமாப் பாரு. எட்டற வரைக்கும்."

முதலில் கார் குளித்தது. நுரை ஊற்றி, ஊறவைத்து, தண்ணீர் அடித்து, நுரை மறுபடி. துணி தோய்க்க ஒரு வாளி, அலச ஒரு வாளி. மண் போன பிறகுதான் காரில் கை வைத்தாள். அண்ணனும் அண்ணியும் சுவரோரம் இரண்டு ஸ்டூல்களில் உட்கார்ந்து அவரவர் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள். ஈரம் ஒற்றி எடுத்து முடித்ததும் தங்கை மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, கையில் பிடிக்கிற வெள்ளை விளக்கு ஒன்றை ஏற்றி பானட்டுக்கு நேரே காட்டினாள்.

"அடக் கடவுளே" என்றாள் மனைவி.

விளக்கின் ஒளி விழுந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக, வலை பின்னியது போல் மின்னின.

"பாத்தியா? பாத்தியா?" அண்ணன் எழுந்தே விட்டார். "ஸ்பான்ஜை வச்சுத் தேய் தேய்னு தேச்சியே!"

"ரெண்டே தடவை கழுவினேன். ரெண்டு தடவையில இவ்வளவா? இதெல்லாம் பாருங்க, வட்டம் வட்டமா இருக்கு. நீங்கதான் லென்ஸை வட்டமாத் துடைப்பீங்க. இது கண்ணாடிக்கடை வட்டம்!"

"அண்ணி, அது அப்படி இல்ல." தங்கை விளக்கை நகர்த்தினாள். வட்டங்களும் கூடவே நகர்ந்தன. "கோடு எல்லாப் பக்கமும் இருக்கும். விளக்கைச் சுத்தி இருக்கிறது மட்டும் மின்னும், அதான் வட்டமாத் தெரியுது. எப்படித் துடைச்சாலும் வட்டமாத்தான் தெரியும்."

"கேட்டியா! நிபுணர் சொல்லிட்டாங்க!" அண்ணன் மீசையை நீவிக்கொண்டார். "என் கையால கோடு விழுமா? இருபத்திரண்டு வருஷம். எத்தனை ஆயிரம் லென்ஸ். ஒண்ணுல, ஒரே ஒண்ணுல கோடு விழுந்ததுன்னு எவனாவது வந்து நின்னிருக்கானா? தினம் காலையில எழுந்து நான் துடைக்கலேன்னா இந்தக் கார் இந்நேரம் என்ன கதியாயிருக்கும்?"

"தினமும் துடைப்பியாண்ணா?" என்றாள் தங்கை, ஒன்றும் தெரியாதவள் போல.

"தினமும். குளிக்கிறதுக்கு முன்னாடி. ஒரு நாள் தவறினதில்ல."

"ம்" என்றாள் தங்கை. அந்த 'ம்'மை அண்ணி மட்டும் கவனித்தாள்.

தங்கையிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன், காரின் படம் அச்சடித்த தாளில் எங்கே என்ன இருக்கிறது என்று பென்சிலால் குறித்துவிடுவாள். பானட், கதவுகள், பின்பக்கம் என்று குறித்துக்கொண்டே வந்தாள். அண்ணி ஒப்புக்கொண்ட அந்த ஒரே கோட்டுக்குத் தனியாக ஒரு நீளக் கோடு போட்டாள். பிறகு கூரைக்கு விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தவள் பென்சிலைக் கடித்துக்கொண்டாள். வாய்க்குள் எதையோ அடக்குகிற மாதிரி இருந்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் அண்ணன்.

"எனக்குச் சிரிச்ச மூஞ்சி."

அண்ணி எழுந்து வந்து கூரையைப் பார்த்தாள். எழுந்து வந்ததே போதும். எக்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. இந்தப் பக்கம் வலை. அந்தப் பக்கமும் வலை. நட்டநடுவில், முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை. கோடே இல்லை. ஷோரூமிலிருந்து நேற்று வந்தது போல் கறுகறுவென்று கிடந்தது.

"இங்க மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?" என்றாள்.

"எங்க?" என்றார் அண்ணன்.

"இங்க. நடுவுல."

"எங்கங்கறேன்?"

"ஸ்டூல் மேல ஏறுண்ணா" என்றாள் தங்கை, மிகவும் மரியாதையாக.

அண்ணன் ஏறினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி இதற்குள் காரின் பக்கத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனி நடுப்பட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"அது... அந்த இடத்துல பெயின்ட் கெட்டியா அடிச்சிருப்பான்" என்றார் அண்ணன்.

தங்கை மேசை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தாள். பூச்சு எவ்வளவு தடிமன் என்று எண்ணில் காட்டுவது. அதைக் கூரையின் ஓரத்தில் வைத்தாள். "நூத்தி பதினெட்டு." நடுப்பட்டையில் வைத்தாள். "நூத்தி பத்தொம்பது."

"பாத்தியா, ஒண்ணு அதிகம்!"

"ஆமாங்க. அந்த ஒண்ணுதான் இத்தனை நாளாக் காப்பாத்தியிருக்கு" என்றாள் மனைவி.

"ஏய், நீ சோம்பேறி. நடுவுல தேய்க்காம விட்டிருப்பே."

"கை எட்டற நான் விட்டுட்டேன். சரி. கை எட்டாதவங்க யாராவது நம்ம வீட்டுல இருக்காங்களா?"

"உயரத்தைப் பத்திப் பேசறதா இருந்தா நான் இப்பவே கிளம்பிடுவேன்."

"யாருங்க உயரத்தைப் பத்திப் பேசினா? நான் கையைப் பத்திப் பேசறேன். முதல்ல ஸ்டூலை விட்டு இறங்குங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லு. இது ஒரு சாட்சியா?"

"நான் எதுவும் சொல்றதில்லேன்னு முதல்லயே சொல்லிட்டேன். தள்ளு, வேலை கிடக்கு."

பானட்டின் நடுவே நெடுக ஒரு பச்சை டேப்பை ஒட்டினாள். ஒரு பாதியை முதலில் செய்து, மறு பாதியோடு சேர்த்துக் காட்டுவது அவள் முறை. அப்போதுதான் வந்தவர்களுக்குத் தாங்கள் எதைக் கொண்டுவந்தோம் என்றே தெரியும். மெஷினில் பஞ்சு வட்டை மாட்டி, நான்கு பொட்டு பாலிஷ் மருந்து வைத்து, மெதுவாக ஓட்டினாள். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. மெஷின் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச அண்ணன் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டார்.

"எதையாவது பூசி அடைக்கிறியா?" என்றார் மெஷின் நின்றதும்.

"அடைக்கிறதில்ல. நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. கோடு அதுலதான் விழுந்திருக்கு. கோட்டோட ஆழத்துக்கு அந்தப் பூச்சையே சீவி எடுக்கறேன். அதனால சும்மா சும்மா செய்ய முடியாது. ஒரு தடவை செய்யலாம், ரெண்டாவது தடவை யோசிக்கணும், மூணாவது தடவை பூச்சே இருக்காது. லென்ஸ் மேல பூச்சு இருக்குமே, போனாப் போனதுதானே? அதேதான்."

"ஓ" என்றார் அண்ணன். அது அவருக்குப் புரிகிற பாஷை.

தங்கை ஸ்பிரிட் தெளித்து மருந்தின் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். "எண்ணெய் இருந்தா கோட்டை மறைச்சுக் காட்டும். அந்த ஏமாத்து வேலை இங்க இல்ல." டேப்பைப் பிய்த்தாள். விளக்கைக் காட்டினாள்.

டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வீடு. அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர். விளக்கு அதில் ஒரே புள்ளியாக, சுற்றி எதுவும் இல்லாமல், விழுந்து கிடந்தது. அண்ணன் குனிந்தார். அவர் மீசையில் இருந்த நரை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"அப்பா" என்றார். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. "வாங்கின அன்னைக்குக் கூட இப்படி இல்லையேம்மா."

"அன்னைக்கு உங்களுக்கு மீசை கறுப்பு" என்றாள் மனைவி. அவளும் குனிந்துதான் பார்த்தாள். இருவர் முகமும் பக்கத்துப் பக்கத்தில் கறுப்பில் விழுந்தன. அதில் இருவரும் ஒரே உயரம்.

கதவுக்கு வெளியே ஒரு லாரி போயிற்று. ஷட்டர் வழியாகக் கொஞ்சம் காற்றும் புழுதியும் வந்தன. கிணற்றுத் தண்ணீரின் மேல் நாலைந்து தூசி வந்து உட்கார்ந்தது.

அண்ணன் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார். கை சட்டைப்பைக்குப் போயிற்று. நீலத் துணி வெளியே வந்தது. பானட்டின் மேல் குனிந்து, வாயை 'ஹா' என்று திறந்து ஒரு மூச்சு விட்டார். மூச்சு படிந்த இடத்தில் துணியை வைத்து, விரலால் அழுத்தி, சுழற்றி, சுழற்றி, அன்பாக, ஒரு லென்ஸ் அகலத்துக்குத் துடைத்தார். துடைத்து முடித்துத் தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சத்தில், தன் கைவேலையைப் பார்த்தார்.

ஏழெட்டுப் பொடிக் கோடுகள். புத்தம் புதியவை. விளக்கைச் சுற்றி வளைந்து மின்னின.

அண்ணன் துணியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார்.

"இந்தத் துணி ரொம்ப மெத்துன்னு இருக்குமே" என்றார், யாரிடமோ.

"துணி மெத்துதான்" என்றாள் தங்கை. "நான் துணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. நான் எதைப் பத்தியுமே ஒண்ணும் சொல்லலை."

"ஏங்க" என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "உங்க கடையில, கல்லாவுக்குப் பின்னாடி, செவத்துல ஒரு அட்டை தொங்குமே. பெரிய எழுத்துல. அதுல என்ன போட்டிருக்கும்?"

"எந்த அட்டை?"

"நீங்களே எழுதித் தொங்கவிட்ட அட்டை. சிவப்பு மையில."

"அது... கஸ்டமருக்கு."

"என்ன போட்டிருக்கும்னு கேட்டேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். தங்கை மெஷினின் வயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"'ஊதித் துடைக்காதீர்கள்'" என்றார் அண்ணன்.

"அப்புறம்?"

"'தூசியே கீறும். தண்ணீரில் கழுவிய பிறகே துடைக்கவும்.'"

"அதுக்குக் கீழ, அடிக்கோடு போட்டு?"

"'மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.'"

"ஆறு மாசத்துல நான் கழுவினது ரெண்டு தடவை. தண்ணி ஊத்திக் கழுவினேன். நீங்க ஊதித் துடைச்சது எத்தனை வருஷம்?"

"கார் வாங்கி எட்டு வருஷம்" என்று தங்கை வயரைப் பார்த்துச் சொன்னாள். "லீவு நாள் உட்பட."

"நீ எதுவும் சொல்றதில்லேன்னு சொன்னியே!"

"கோட்டைப் பத்தி எங்க சொன்னேன்? காலண்டரைப் பத்திச் சொன்னேன்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டு வருடத்துக் காலை நேரங்கள் எல்லாம் அவர் கண்முன் வந்து போயிருக்கவேண்டும். அவை சந்தோஷமான காலை நேரங்கள். அதுதான் பாவமாக இருந்தது. "அன்பாத்தான் துடைச்சேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் மனைவி. "கல்யாணமான புதுசுல என் கண்ணாடியையும் அப்படித்தான் துடைச்சீங்க. நான் எதுக்குக் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன்னு நெனச்சீங்க?"

தங்கை இதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அண்ணன் இருவரையும் மாறி மாறி முறைத்தார். மீசை ஒரு பக்கம் துடித்தது. பிறகு மறுபக்கமும்.

"இந்தப் புதுக் கோட்டை எடுத்துடலாமா?" என்றார் கடைசியில்.

"எடுத்துடலாம். முழுக் காரையும் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன். அண்ணியோட பின் கதவுக் கோடு கொஞ்சம் ஆழம், மங்கும், முழுசாப் போகாது. ஆனா ஒரு நிபந்தனை. இதுக்கப்புறம் அந்த நீலத் துணி கார் பக்கம் வரக்கூடாது."

"காலையில நான் என்னதான் செய்யறது?"

"நாலே முக்காலுக்கு எழுந்து எனக்குக் கேட்டைத் திறந்து விடுங்க" என்றாள் மனைவி. "அகலமாத் திறந்தா இன்னொரு கோடு விழாது."

அவள் கையை நீட்டினாள். நீளமான கை, ஸ்டூல் வரைக்கும் வந்தது.

அண்ணன் பேன்ட் பையில் துழாவிச் சாவியை எடுத்தார். சொன்ன சொல் சொன்னதுதான், அவர் அதை மறுக்கவில்லை. கொடுக்கத்தான் போனார். ஆனால் பாதி வழியில் கை நின்றது. சாவியில் ஒரு விரல் ரேகை படிந்திருந்தது. அதை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்றார். நீலத் துணியால் சுற்றிச் சுற்றி, மூலை முடுக்கெல்லாம், அவசரமே இல்லாமல் துடைக்க ஆரம்பித்தார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"துடைச்சது போதுங்க. குடுங்க."